மானுக்கும் எல்க்குக்கும் எந்தக் குண்டு? கொலராடோவில் முதல் சீசனுக்குப் போகிறவர்களுக்கு

ஒவ்வொரு கோடையிலும் டென்வர் பக்கத்தில் இருக்கும் நம்மவர் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்வார். "அண்ணே, குலுக்கல்ல எல்க் லைசென்ஸ் விழுந்துருச்சு. ரைஃபிளும் எடுத்துட்டேன். தோட்டா மட்டும் என்ன வாங்கறதுன்னு சொல்லுங்க." அந்த "மட்டும்" என்னை உறுத்தும். ரைஃபிளைப் பற்றி மூன்று மாதம் படித்திருப்பார். ஸ்கோப்புக்கு ரைஃபிளைவிட அதிகம் செலவழித்திருப்பார். ஆனால் எல்க் என்கிற அந்தப் பெரிய மானைத் தொடப்போவது ரைஃபிளும் இல்லை, ஸ்கோப்பும் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு குண்டு. அது உள்ளே போய் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த உயிர் சில விநாடிகளில் அடங்குகிறதா, இரண்டு மணி நேரம் ரத்தம் சிந்தி அலைகிறதா என்பது.

ஆகவே இந்தக் கட்டுரையில் வரிசையை மாற்றி வைக்கிறேன். முதலில் விலங்கு, பிறகு தூரம், பிறகு குண்டு. ரைஃபிள் கடைசி.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டா என்று நான் சொல்வது முழு உருப்படியை: பித்தளைக் கூடு, அதன் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் ப்ரைமர், உள்ளே பவுடர், வாயில் செருகிய குண்டு. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறக்கும் அந்த முனை மட்டும். கடையில் இரண்டையும் குழப்பினால் வேறு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். இங்கே சொல்வது எல்லாம் அமெரிக்காவில், அதிலும் கொலராடோவில், லைசென்ஸோடு செய்வதைப் பற்றி.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியாகும் நாளில் அந்த விதிவிலக்கும் போய்விடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சட்டத்தின் கண்ணில் ப்ரைமர், பவுடர், காலிக் கூடு, தனிக் குண்டு எல்லாமே தோட்டாதான். "துப்பாக்கி நண்பர் வீட்டில் இருக்கு, நான் பவுடர் டப்பா மட்டும்தான் வச்சிருக்கேன்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் யாராக இருந்தாலும் கொலராடோவில் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இருந்தால்தான் லைசென்ஸ். அப்புறம் குண்டு பற்றிய விதி. காலிபர், அதாவது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம், குறைந்தது .24 இருக்க வேண்டும். குண்டு விரியும் வகையாக இருக்க வேண்டும். மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன் எடை. 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சமிருக்க வேண்டும். ராணுவ வகை முழு உறைக் குண்டு விரியாது. அதனால் அதற்கு இடமில்லை. இவை சட்டத்தின் கீழ்வரம்பு. இவற்றைத் தாண்டிவிட்டதாலேயே ஒரு குண்டு எல்க்குக்குப் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

கிரெய்ன் என்பது மிகச் சிறிய எடை. 7,000 கிரெய்ன் சேர்ந்தால் ஒரு பவுண்டு. 165 கிரெய்ன் குண்டு ஏறக்குறைய 10.7 கிராம்.

விலங்கைப் பாருங்கள்

கொலராடோவின் மியூல் மான் கழுதைக் காதோடு, நம் புள்ளிமானைவிடப் பெரிதாக இருக்கும். வளர்ந்த ஆண் 70 முதல் 110 கிலோ வரை. எல்க் வேறு கணக்கு. நம் காட்டுக் கடமானை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த அளவு. பெண் எல்க் 225 கிலோ சுமார். ஆண் 320 கிலோ சுமார். தோல் தடிமன், தோள்பட்டை எலும்பு நம் உள்ளங்கை அகலம், அதற்கு மேல் சதை.

குண்டு இந்த உடம்புக்குள் இரண்டு வேலை செய்ய வேண்டும். விரிய வேண்டும், ஆழமாகவும் போக வேண்டும். விரிந்தால்தான் நுரையீரலில் பெரிய காயம் உண்டாகி, ரத்த அழுத்தம் சட்டென்று விழும். ஆழமாகப் போனால்தான் அந்தப் பக்க நுரையீரலையும் எட்டும். சிக்கல் என்னவென்றால் ஒன்று கூடினால் மற்றது குறையும். சீக்கிரம் விரியும் குண்டு சீக்கிரம் நின்றுவிடும். விரியவே மறுக்கும் குண்டு பென்சில் துளை போட்டுவிட்டு வெளியே போய்விடும். குண்டு செய்கிறவர்கள் நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

என் முதல் எல்க் சீசனில் இதைப் பார்த்துப் பாடம் படித்தேன். கன்னிசன் பக்கம், அக்டோபர், அதிகாலை. கையில் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம். மேக்னம் என்றால் பவுடர் அதிகம், குண்டின் வேகமும் அதிகம். போட்டிருந்தது மானுக்கென்று செய்த, வேகமாக விரியும் மென்மையான குண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், அருமையாக ஒரே இடத்தில் விழுந்தது என்பதால் அதையே தேர்ந்தெடுத்திருந்தேன். 50 கஜத்தில், கறுத்த மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எல்க் வெளியே வந்தது. தோளில் பட்டது. ஓடியது. பனியில் ரத்தத்துளி பார்த்துப் பார்த்துப் போய், இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது குண்டால் முடித்தேன். தோலை உரித்தபோது முதல் குண்டு தோள்பட்டை எலும்பிலேயே நொறுங்கிக் கிடந்தது. செம்பு உறையின் கிழிசல்கள், கறுத்த ஈயப் பொடி, கைப்பிடி அளவு கூழான சதை. நுரையீரலில் கீறல் மட்டும். குண்டின் மேல் குற்றமில்லை. 150 கஜத்தில் ஒரு மானுக்கு அது நல்ல குண்டு. மேக்னம் வேகத்தில், பக்கத்தில் நின்ற எல்க்கின் எலும்புக்கு அதைக் கொடுத்தது நான். அந்த இரண்டு மணி நேரத்தை இன்றுவரை மறக்கவில்லை. இதை எழுதுவதே அதனால்தான்.

குண்டு வகைகள்

கடையில் நூறு பெயர் இருந்தாலும் உள்ளே நாலு குடும்பம்தான்.

முதலாவது பழைய முறை. செம்பு உறைக்குள் ஈயக் கட்டி, இரண்டும் ஒட்டப்படாமல். ரெமிங்டன் கோர்-லாக்ட், ஹார்னடி இன்டர்லாக், சியரா கேம்கிங் இந்தக் குடும்பம். விலை குறைவு, நன்றாக விரியும். மானுக்கு இதைவிட அதிகம் தேவையே இல்லை. .308, .30-06 போன்ற தோட்டாக்களின் நடுத்தர வேகத்தில், கொஞ்சம் கனமான எடையில் போட்டால் எல்க்கையும் இது பல தலைமுறையாக வீழ்த்தியிருக்கிறது. மேக்னம் வேகத்தில், கிட்டத்தில், எலும்பில் பட்டால்தான் ஆபத்து.

இரண்டாவது, நடுவில் சுவர் வைத்த குண்டு. 1946-ல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவில் மூஸ் என்கிற ராட்சத மான் வேட்டைக்குப் போனார். அவருடைய குண்டுகள் விலங்கின் தடித்த தோலையும் சதையையும் தாண்டி உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, உறைக்கு நடுவே செம்பிலேயே ஒரு தடுப்பு வைத்து, முன்னால் ஒரு ஈய அறை, பின்னால் ஒரு ஈய அறை என்று செய்தார். முன்பகுதி விரியும், பின்பகுதி தடுப்புக்குப் பின்னால் முழுசாக இருந்து உள்ளே தள்ளும். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். 1948-ல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அதை விற்கிறது. முன்னால் உள்ள ஈயத்தை இழந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு எடையோடு அது போய்க்கொண்டே இருக்கும். பழைய எல்க் வேட்டைக்காரர்கள் அதை விட்டு மாறாததற்கு நல்ல காரணம் இருக்கிறது.

மூன்றாவது பாண்டட். ஈயமும் செம்பு உறையும் பிரியாதபடி ஒன்றாக இணைத்துவிடுவார்கள். நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ஃப்யூஷன் இந்த வகை. என் மேசை இழுப்பறையில் இப்படி ஒரு குண்டு இருக்கிறது. .308-இல் சுட்ட 165 கிரெய்ன். ஒரு பெண் எல்க்கின் விலா வழியே நுழைந்து, இரண்டு நுரையீரலையும் தாண்டி, எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் கட்டி போல நின்றிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுத்துக் கழுவினேன். 7.8 மி.மீ. குண்டு 15 மி.மீ. அகலத்துக்குக் காளானாக மலர்ந்திருக்கிறது. இதழ்களின் உள்பக்கம் ஈயம் செம்போடு ஒட்டியபடியே சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கிறது. தராசில் வைத்தால் 118 கிரெய்ன். பத்தில் ஏழு பங்கு எடை மிச்சம். அந்த எல்க் முப்பது கஜம் நடந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். புதியவர் யார் வந்தாலும் அந்தக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துவிடுவேன். அதன் பிறகு விளக்கம் சொல்லும் வேலை பாதி குறைந்துவிடும்.

நாலாவது முழுச் செம்பு. ஈயமே கிடையாது. பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்., ஹார்னடி சி.எக்ஸ். முனையில் துளை இருக்கும், அது நாலைந்து இதழாக விரியும். எடையை ஏறக்குறைய இழக்காது, எலும்புக்கு அஞ்சாது. ஆனால் விரிய வேகம் வேண்டும். மெதுவாகப் போய்ப் பட்டால் சரியாக விரியாது. அதனால் செம்புக் குண்டில் ஒரு படி எடை குறைத்து வேகத்தைக் கூட்டுவது வழக்கம். ஈயத்தில் 180 போட்டவர் செம்பில் 165 அல்லது 150 போடலாம். எடை குறைந்தாலும் அது உடையாது என்பதால் ஆழம் குறையாது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த நாலாவது குடும்பம் விருப்பத் தேர்வே இல்லை. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலம் முழுக்க ஈயத் தோட்டாவால் வேட்டையாடுவது தடை. விட்டுப்போன குடலைத் தின்னும் காண்டர் கழுகுகள் ஈயத்தால் செத்துக்கொண்டிருந்ததுதான் பெரிய காரணம். கொலராடோவில் அப்படி ஒரு தடை இல்லை. ஆனாலும் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் செம்பைத்தான் சொல்வேன். ஈயக் குண்டு சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும், காயத்திலிருந்து கணிசமான தூரம் வரை போகும். அந்தக் கறியைத்தான் மிளகு வறுவலாகவும் உப்புக்கண்டமாகவும் பிள்ளைகளுக்குப் போடப்போகிறோம்.

ஐந்தாவதாக ஒரு வகை இருக்கிறது, அதை ஒதுக்கத்தான் சொல்கிறேன். போட்டிக் குண்டுகள். சியரா மேட்ச்கிங் போன்றவை. காகிதத்தில் துல்லியம் அபாரம். ஆனால் உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்துச் செய்யப்பட்டவை அல்ல. சியராவே மேட்ச்கிங்கை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. பெட்டியில் "மேட்ச்" என்று இருந்தால் வேட்டைக்கு வேண்டாம்.

தூரமும் வேகமும்

ஒவ்வொரு குண்டுக்கும் அதைச் செய்கிறவர் ஒரு குறைந்தபட்ச வேகம் சொல்லியிருப்பார். அதற்குக் கீழே போனால் சரியாக விரியும் என்று நம்ப முடியாது. பெரும்பாலான வேட்டைக் குண்டுகளுக்கு அது விநாடிக்கு 1,800 முதல் 2,000 அடிக்குள் இருக்கும். தூரத்துக்கென்றே செய்த சில குண்டுகளுக்கு இன்னும் கீழே. நீங்கள் வாங்கும் குண்டின் எண்ணைக் கட்டாயம் பாருங்கள்.

கணக்கு இப்படி. .308-இல் 165 கிரெய்ன் குண்டு குழலைவிட்டு விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். ஆற்றல் ஏறக்குறைய 2,670 அடி-பவுண்டு. 300 கஜத்தில் வேகம் சுமார் 2,130. இன்னும் நல்ல நிலைமை. 500 கஜத்தில் 1,800-ஐ ஒட்டி வந்துவிடும். செம்புக் குண்டு என்றால் அதற்கு வெகு முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பெட்டியின் பக்கவாட்டிலேயே இந்த அட்டவணை இருக்கும். குறைந்தபட்ச வேகத்தை எந்தத் தூரத்தில் தொடுகிறதோ அதுதான் குண்டின் எல்லை. உங்கள் எல்லை பெரும்பாலும் அதற்கும் உள்ளே இருக்கும். முதல் வருடம் 250 கஜத்துக்கு மேல் சுட வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. மூச்சு வாங்க மலை ஏறி வந்து, 3,000 மீட்டர் உயரத்தில், கை நடுங்க நிற்கும்போது 250 கஜமே தொலைவாகத்தான் இருக்கும்.

உயரத்தால் குண்டு மாறிப் போகுமா என்று கேட்பார்கள். காற்று மெல்லியதாக இருப்பதால் குண்டு கொஞ்சம் குறைவாக இறங்கும். 300 கஜத்துக்குள் அது ஓர் அங்குலம் இருக்கலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

காலிபரும் எடையும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் சண்டை போடுவது இங்கேதான், சண்டைக்கு வேலை குறைவாக இருப்பதும் இங்கேதான். .243 வின்செஸ்டர் மானுக்கு நல்லது. கொலராடோவில் எல்க்குக்கும் சட்டம் அனுமதிக்கும், ஆனால் புதியவர் கையில் நான் கொடுக்கமாட்டேன். 6.5 கிரீட்மோர், 7 மி.மீ.-08, .270 மூன்றும் மானுக்குத் தாராளம்; பாண்டட் அல்லது செம்புக் குண்டோடு, அளவான தூரத்தில் எல்க்குக்கும் போதும். .308-உம் .30-06-உம் இரண்டுக்கும் நிம்மதி. மேக்னம் வைத்திருந்தால் கட்டாயம் வலுவான குண்டு போடுங்கள். மேக்னத்தின் உதை உங்களைக் கண்ணை மூட வைக்கிறது என்றால் விற்றுவிட்டு .308 வாங்குங்கள்.

எடையில் ஒரு விஷயம். ஒரே காலிபரில் கனமான குண்டு நீளமாக இருக்கும். நீளக் குண்டு நிலையாகப் பறக்க, அதைச் சுழலவைக்கும் குழலின் உள்முறுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். 6.5 கிரீட்மோரில் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதனால் 140 கிரெய்னுக்கு மேலும் தாங்கும். பழைய .243-இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், 105 கிரெய்ன் நீளக் குண்டு அதில் தள்ளாடலாம். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு இன்னும் நீளம். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் போன்ற துளை விழுந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு வருகிறது என்று அர்த்தம். எடையைக் குறையுங்கள்.

மான், எல்க் இரண்டு லைசென்ஸும் ஒரே சீசனில் இருந்தால் எல்க்குக்குத் தேர்ந்தெடுத்த குண்டையே மானுக்கும் போடுங்கள். எல்க் குண்டால் மான் சாகும். சட்டைப்பையில் இரண்டு வகைத் தோட்டா கலந்து கிடப்பதுதான் வம்பு.

ரேஞ்சில்

மூன்று வகைக் கடைத் தோட்டா, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஒரு ருசி உண்டு. பக்கத்து வீட்டு ரைஃபிளுக்குப் பிடித்தது உங்களுடையதற்குப் பிடிக்காது. 100 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டு, குழல் ஆறவிட்டு, மறுபடி ஐந்து. ஐந்தும் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் போதும். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை எட்டு அங்குலத்துக்குக் குறையாது. எல்க்கில் அதைவிடப் பெரிது. அரை அங்குலத்துக்காக அலைந்து, எலும்பில் நொறுங்கும் குண்டைத் தேர்ந்தெடுத்த என் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

வகை முடிவானதும் அதையே 200 கஜத்துக்கு நேர் செய்யுங்கள், அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஸ்கோப்பைத் திருத்துங்கள். முன்சொன்ன .308 அப்போது 100-இல் இரண்டு அங்குலம் மேலேயும், 300-இல் எட்டொன்பது அங்குலம் கீழேயும் அடிக்கும். பிறகு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பையில் சாய்த்து, கம்பு ஊன்றிச் சுடுங்கள். காட்டில் மேசை கிடையாது.

கையால் நிரப்புவது

சுட்ட கூட்டில் புது ப்ரைமர், பவுடர், குண்டு போட்டு வீட்டிலேயே தோட்டா செய்வதுதான் ரீலோடிங். முதல் வருடம் இதைத் தொடாதீர்கள். ஒரு சீசன் கடைத் தோட்டாவோடு போய் வாருங்கள். சுட்ட பித்தளைக் கூடுகளை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள். அவைதான் பிறகு உங்கள் மூலதனம். நல்ல எல்க் தோட்டா 20 கொண்ட பெட்டி 50 டாலரைத் தாண்டும் காலத்தில், நிறையப் பயிற்சி செய்ய நினைப்பவருக்குத்தான் ரீலோடிங் பயன். சில குண்டுகள் கடைத் தோட்டாவாகவே கிடைக்காது என்பது இன்னொரு காரணம்.

வேண்டியவை: கூட்டை அழுத்தும் ஒற்றை நிலை ப்ரெஸ் ஒன்று, உங்கள் காலிபருக்கான டை செட் (அச்சுகள்), கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு, நீளம் அளக்கும் காலிப்பர் கருவி, கூடு நறுக்கும் ட்ரிம்மர், கூடு மெழுகு, துளை போட்ட தட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலாக ரீலோடிங் கையேடு. ஹார்னடி, நாஸ்லர், சியரா, லைமன் ஒவ்வொருவரும் வெளியிடுகிறார்கள். எந்த நிறுவனத்தின் குண்டோ அந்த நிறுவனத்தின் கையேட்டைத்தான் வாங்க வேண்டும். பவுடர் அளவு எதையும் நான் இங்கே எழுதமாட்டேன். யாராவது செய்தியில் அனுப்பினாலும் அதை நம்பி நிரப்பாதீர்கள். எழுத்துப்பிழை ஒன்று போதும் கண்ணைப் பறிக்க.

வேலையின் ஓட்டம் இதுதான். கூடுகளைத் துடைத்து, கழுத்தில் விரிசல், அடிப்பக்கம் பளபளப்பான வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் குப்பைக்கு. பிறகு மெழுகு தடவி டைக்குள் ஏற்றினால் பழைய ப்ரைமர் கழன்று, கூடு பழைய அளவுக்கு வரும். மெழுகு மறந்தால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பது அரை நாள் வேலை. கூட்டின் நீளம் அளக்க வேண்டும். .308-க்கு உச்சவரம்பு 2.015 அங்குலம், தாண்டினால் 2.005-க்கு நறுக்கி, வாயின் பிசிறை எடுக்க வேண்டும். நீளம் கூடிய கூடு, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். பிறகு புது ப்ரைமர், விளிம்புக்கு ஒரு மயிரிழை கீழே உட்கார வேண்டும். அப்புறம் பவுடர். கடைசியாகக் குண்டு.

பவுடர் கட்டத்தில்தான் நிதானம் வேண்டும். மேசையில் ஒரே ஒரு டப்பா இருக்கட்டும். ஹெச்4350-உம் ஐ.எம்.ஆர். 4350-உம் பெயரில் அண்ணன் தம்பி, வேகத்தில் வெவ்வேறு. எண் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக் கூடாது. கையேடு சொல்லும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துச் சிறு சிறு படியாக ஏறுங்கள். ப்ரைமர் தட்டையாகிறது, அறையை மூடும் போல்ட் தூக்க முரண்டு பிடிக்கிறது, கூட்டின் அடியில் பளிச்சென்று முத்திரை விழுகிறது என்றால் அங்கேயே நிறுத்திக் கீழே இறங்குங்கள், கையேட்டின் உச்சவரம்பை எட்டாவிட்டாலும். குண்டை மாற்றினால் மறுபடி தொடக்கத்திலிருந்து. குறிப்பாக ஈயத்திலிருந்து செம்புக்கு மாறும்போது எடை ஒன்றாக இருக்கிறதே என்று பழைய அளவைப் போட்டுவிடாதீர்கள். நீளமான செம்புக் குண்டு கூட்டுக்குள் அதிக இடத்தை அடைக்கும், அழுத்தம் மாறும்.

வெயிலும் ஒரு கணக்கு. ஜனவரிக் குளிரில் உச்ச அளவு வரை ஏற்றி வைத்தது ஆகஸ்டில் வரம்பு மீறலாம். வெப்பத்துக்கு அதிகம் அசையாத பவுடர்கள் உண்டு. ஹெச்4350, வார்கெட் இரண்டும் அதற்குப் பெயர் பெற்றவை. வேட்டைத் தோட்டாவுக்கு நான் அப்படிப்பட்டதைத்தான் எடுக்கிறேன்.

பவுடர் போட்டதும், குண்டு செருகும் முன், தட்டில் நிற்கும் ஐம்பது கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலாவது வரிசையில் ஒரு கூட்டுக்குள் வெளிச்சம் அடியில் போய்ப் பித்தளையில் மின்னியது. மற்ற நாற்பத்தொன்பதிலும் பவுடர் கறுப்பாகக் கூட்டின் தோள் மட்டத்துக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் மகள் வந்து ஏதோ கேட்டிருந்தாள், நான் திரும்பிப் பதில் சொல்லியிருந்தேன். பவுடர் இல்லாத தோட்டாவில் ப்ரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். அன்றிலிருந்து மேசையில் உட்கார்ந்தால் அறைக் கதவைத் தாழ் போட்டுவிடுகிறேன். பேச்சில்லை, போன் இல்லை, தொலைக்காட்சி இல்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் எழுதி ஒட்டுங்கள்: தேதி, கூடு, ப்ரைமர், பவுடர் பெயரும் அளவும், குண்டு, மொத்த நீளம். .308-க்கு மொத்த நீளம் 2.810 அங்குலம் தாண்டினால் பல ரைஃபிள்களின் மேகஸினுக்குள்ளேயே போகாது. பவுடரை அதன் சொந்த டப்பாவிலேயே வையுங்கள். ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றும் வேலை வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

சீசனுக்கு எடுத்துப்போகும் இருபது தோட்டாக்களையும் முந்தின வாரமே தனியாக எடுத்து வைப்பேன். ரேஞ்சுக்கு எடுத்துப் போய், குழலைப் பாதுகாப்பான திசையில் மணல்மேட்டைப் பார்த்து வைத்து, விசையில் விரல் படாமல், ஒவ்வொன்றையும் மேகஸினிலிருந்து அறைக்குள் ஏற்றி இறக்குவேன். ஒன்று சிரமப்பட்டாலும் அது பயிற்சிப் பெட்டிக்குப் போகும். மலைமேல், எல்க் நிற்கும்போது போல்ட் மூட மறுப்பதைவிட இது மேல். அதில் மூன்றை 200 கஜத்தில் சுட்டுப் பார்ப்பேன். மீதி பதினேழு.

சுட்ட பிறகு அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். ஓடியது போலத் தெரிந்தாலும் பின்னாலேயே ஓடக் கூடாது. துரத்தாமல் விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். கறி எடுக்கும்போது காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலம் வெட்டி ஒதுக்குங்கள், ஈயக் குண்டு என்றால் இன்னும் தாராளமாக. எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் நெம்பி எடுத்து, கழுவி, எடை போட்டு, எந்தத் தூரத்தில் எங்கே பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கோடையில் உங்களுக்கும் யாராவது போன் செய்வார்கள்.